இரண்டு புதுசு, இரண்டு பழசு

ஒரு ஞாயிறு காலை, யூடியூப் தந்த தைரியத்தில், அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கார் பானட்டைத் திறந்து நான்கு ஸ்பார்க் ப்ளக்குகளையும் கழற்றினேன். அப்பா விட்டுப்போன பழைய பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போது லேசாக உதறிக்கொண்டிருந்தது. ப்ளக் மாற்றி 25,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது.

பழைய பேப்பரில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் மூன்றிலும் நடு முனை மழுங்கிப்போயிருந்தது. இரண்டும் நான்கும் டப்பாவிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோலக் கூரான விளிம்போடு இருந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாலுக்குக் காசு வாங்கிக்கொண்டு இரண்டைத்தான் மாற்றியிருக்கிறார். (உடனே புரிந்துவிடுவது என் தொழில் வியாதி. லாக்கில் முதல் எரரைப் பார்த்ததுமே, இது யார் போட்ட கமிட் என்று தேடுகிற ஆள் நான்.)

மெக்கானிக் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்க்கிறவர்.

"நாலும் மாத்துனதுதானுங்க தம்பி. கலரப் பாருங்க, நாலும் ஒண்ணாத்தான் இருக்கும். நடுவுல இருக்கறத மட்டும் பாக்காதீங்க, மேல வளைஞ்சிருக்குமில்ல, அதையும் பாருங்க. இந்த வண்டிக்கு அப்படித்தான் தேயும்."

"அப்படித்தான்னா எப்படிண்ணே?"

"அது எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

சொல்லத் தெரியாததை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் கடைப் பெயரோடும் படத்தோடும் ஓர் எச்சரிக்கை போட்டேன். பதினாறு பேர் நன்றி சொன்னார்கள்.

ராத்திரி 'கலரப் பாருங்க' மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். நான்கின் வெள்ளைப் பீங்கானிலும் ஒரே இளம்பழுப்பு. ஒன்று மட்டும் கரி படிந்தோ எண்ணெய்ப் பிசுக்கோடோ இருந்தால் அந்த சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். அப்படி எதுவும் இல்லை. பிறகு வளைந்த கொக்கியைப் பார்த்தேன். ஒன்றிலும் மூன்றிலும் அது நன்றாக இருந்தது. 'புது' ப்ளக்குகளில்தான் கொக்கியின் அடிப்பக்கம் குழிந்திருந்தது. ஃபீலர் கேஜ் விட்டு அளந்தால் நான்கிலும் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றே. நான்கும் ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன, வேறு வேறு பக்கத்திலிருந்து.

சர்வீஸ் மேனுவலில் வயரிங் படத்தைத் தேடினேன். டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இரண்டே காயில். ஒன்றிலிருந்து 1, 4ஆம் சிலிண்டர்களுக்கும் மற்றதிலிருந்து 2, 3க்கும் வயர் போகிறது. ஒரு காயிலின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ப்ளக். எலக்ட்ரான்கள் முதல் ப்ளக்கின் நடு முனையிலிருந்து கொக்கிக்குத் தாவி, என்ஜினின் இரும்பு வழியாக ஓடி, நான்காவதில் கொக்கியிலிருந்து நடு முனைக்குத் தாவி, காயிலுக்குத் திரும்புகின்றன. ஒரு சிலிண்டரில் கலவையை எரிக்கும் பொறி, அதே நொடியில் ஜோடி சிலிண்டரில் வெளியேறும் புகைக்குள் வீணாய் விழுகிறது. வேஸ்ட் ஸ்பார்க் என்றே அதற்குப் பெயர். திசை மட்டும் ஒருபோதும் மாறுவதில்லை. பொறி தாவும்போது அயனிகள் வந்து மோதுவது எதிர்மின் முனையில்தான், அதனால் அதுவே அதிகம் தேய்கிறது. ஜோடியில் ஒன்றுக்கு நடு முனை, இன்னொன்றுக்குக் கொக்கி.

நான் ஈஈஈ படித்தவன். மின்சுற்று என்பது மூடிய பாதை என்று செமஸ்டர் செமஸ்டராக எழுதி மார்க் வாங்கியவன்.

காலையில் குழுவில் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர், "எதுக்கும் ஜாக்கிரதையா இருப்போம் சார்" என்றார்.

அந்த வார இறுதியில் கடைக்குப் போனேன். முந்தின நாள் பாதித் தூரம் போய்த் திரும்பிவிட்டிருந்தேன். அண்ணன் "விடுங்க தம்பி" என்று பேச்சை வெட்டிவிட்டு பானட்டைத் திறந்தார். என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்ததாம், உதறலுக்கு அதுதான் காரணம். கழற்றியதே கழற்றினீர்கள், புதுசே போட்டுவிடலாம் என்று நான்கு ப்ளக்குகளை எடுத்தார். மாட்டுவதற்கு முன் அவற்றை ஒரு துணியில் வரிசையாக வைத்து, நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி ஃபோனில் படம் எடுத்தார்.

"இப்பெல்லாம் எல்லாத்துக்கும் இப்படி அனுப்பிடறனுங்க," என்றார். என் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

"வந்துருச்சுங்களா?"