அரை டம்ளர் டீ

"பாசிட்டிவா நினைக்கணும் சார், அதான் முக்கியம்" என்று போனில் சொன்னவர், மாலை ஆறரைக்கு வரச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கி நூறு மீட்டர் நடந்ததுமே டாஸ்மாக். பகல் 12 மணிக்குத் திறந்த கடை, இரவு 10 வரை ஓடும். வாசலில் மாங்காய்ப் பத்தை பத்து ரூபாய். குடியை விட்டவர்கள் கூடும் அறை அங்கிருந்து இன்னும் நூறு மீட்டர், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில். வேறு வழி கிடையாது. எல்லோரும் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் திறந்த கூட்டம் அது. வெளியாரும் உட்காரலாம். ஊக்க வாசகங்களைத் தேடிச் சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டு படிகள் அச்சடித்த தாள் ஒன்று, ஓடாத கடிகாரம் ஒன்று, அவ்வளவுதான். போனில் பேசியவர் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். டீ ஊற்றியவர் எனக்கு டம்ளர் நிறையக் கொடுத்தார், மூலையிலிருந்த இளைஞருக்கு அரை டம்ளர். இதென்ன கணக்கு என்று பார்த்தால், இளைஞர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவராம். நடுக்கம் இன்னும் விடவில்லை. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே இது தொடங்கும், முற்றினால் வலிப்பு வரை போகும். அந்தக் கட்டத்துக்கு வைத்தியம்தான் வேண்டும்.

பெரியவர் ஒருவர் எழுந்தார். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். பாட்டிலை அரிசி டிரம்மில் ஒளித்து வைப்பாராம். தினமும் அரிசி அளக்கிறவள் மனைவி என்பது போதையில் தோன்றவே இல்லையாம். அறை குலுங்கச் சிரித்தது. இப்படி விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. அவரை யாரும் சிரிக்கச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் துண்டுத்தாளில் தன் நம்பரை எழுதி அவர் பையில் வைத்தார்.

இந்த இயக்கமே ஒரு போனில் பிறந்ததுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைநழுவிய பில் வில்சன் ஓட்டல் முகப்பில் நின்றிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. தன்னைப் போல் இன்னொரு குடிகாரரிடம் பேசியாக வேண்டும் என்று பாதிரியார்களைக் கூப்பிட ஆரம்பித்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் பேசியதில்தான் இயக்கம் தொடங்கியது. மனதைத் தேற்றிக்கொண்டு வில்சன் அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

உண்டியல் பை சுற்றி வந்தது. பத்தும் இருபதுமாக விழுந்தன. நான் போட்ட ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உறுப்பினர் காசு மட்டும்தானாம்.

கலையும்போது போன்காரர் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து இளைஞரிடம் நீட்டினார். "நாளைக்கு டீக்கு நீ பால் வாங்கிட்டு வந்துடு தம்பி. ஆறு மணிக்கு இங்க இருக்கணும்." நூறு ரூபாய்க்கு ஒரு கட்டிங் தாராளமாகக் கிடைக்கும். அது தெரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை.

"எத்தனை பாக்கெட்ணே?" என்றார் இளைஞர்.

"ரெண்டு. மிச்சத்தைக் கொண்டு வந்து குடு."