திறந்த கதவுக்குப் பூட்டு

எங்கள் நண்பன் ஒருவனைப் பற்றி எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். வட மாவட்டத்துப் பேருந்து நிலையம் ஒன்றின் பின்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான் என்பது போதும். மூன்று கணினி, ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின். பென்டிரைவில் படம் ஏற்றித் தருவான். பாடப்புத்தக பிடிஎஃப் விற்பான். அரசு விண்ணப்பம் போட்டுத் தருவான். ஓராண்டாக இன்னொரு தொழிலும் செய்துவந்தான். அதற்குப் பிறகு வருவோம்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் இவன் விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "அண்ணன் நம்ம ஆளு, பணக்காரன் பொருளைத்தானே எடுக்கிறாரு" என்கிறது ஒன்று. "திருடன் திருடன்தான், புடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்கிறது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

அவன் எங்களோடு ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தவன். (2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். குளியலறைக் குழாயையும் மாற்றினார்களா என்று யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.) பாலிடெக்னிக்கில் கணினி படித்தான். விடுதியில் கெட்டுப்போன எந்தப் பெட்டியையும் பிரித்துச் சரிசெய்துவிடுவான். நாங்கள் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில் நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்போம். அதை ஓர் இரவுக்கு வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, விடியும் முன் எல்லோருக்கும் கொடுத்தவன் அவன்தான். காசு கேட்டதில்லை. எங்கள் பட்டத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்த இரவு ஸ்கேனைக் குற்றம் என்று நாங்கள் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை இருந்தது. பேராசிரியர்கள் சொல்லும் பாடப் பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுப்பாக்கி மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் அதன்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கல்வி கற்பிக்கும் வேலையின் பகுதியாக எடுக்கும் நகலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் தருகிறது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு சில கேள்விகளை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும், பாடத்துக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்ற அடிப்படையை ஏற்றது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011இல் தொடங்கிய சை-ஹப் தளத்தில் கட்டுரை இறக்காத ஆய்வு மாணவரை நாங்கள் பார்த்ததில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு மூன்றாண்டுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாயில் ஆய்விதழ்களுக்கு மொத்தச் சந்தா போட்டிருக்கிறது. அதுவும் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சேரியிலிருந்து சுயநிதிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது.

படிப்பை நம்மிடமிருந்து பூட்டி வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. அந்தப் பூட்டை உடைப்பவனைத் திருடன் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் இன்று நண்பனின் கடையில் விற்பது எது? போன மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

'11, 12 ஃபுல் செட்' 199 ரூபாய். திறந்து பார்த்தால் அரசுப் பாடநூல். அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அதே கோப்பு, முதல் பக்கத்தில் இவன் கடை முத்திரையோடு. 'அம்பேத்கர் காம்போ' 149 ரூபாய். பாபாசாகேப்பின் ஆங்கிலத் தொகுதிகளை ஒன்றிய அரசின் இணையதளத்திலேயே யாரும் இறக்கிக்கொள்ளலாம். அவர் 1956இல் மறைந்தார். எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்பது சட்டக் கணக்கு. ஆகவே 'சாதி ஒழிப்பு' போல அவர் காலத்திலேயே அச்சான ஆங்கில மூலங்கள் 2017 முதல் எல்லோருக்கும் சொந்தம். பொதுச் சொத்தாகிவிட்ட பாபாசாகேப்பைச் சேரிப் பிள்ளைக்கு 149 ரூபாய்க்கு விற்கிறான்.

உடைக்க வேண்டிய பூட்டு அங்கே ஏதும் இல்லை. திறந்து கிடக்கிற கதவுக்கு இவன் பூட்டுப் போட்டு, சாவிக்குக் காசு வாங்குகிறான். படிக்கத் தெரிந்தும் எங்கே தேடுவது என்று தெரியாத முதல் தலைமுறைதான் இவனுடைய சந்தை. பணக்காரன் வீட்டுப் பிள்ளை இந்தக் கடைக்கு வருவதே கிடையாது.

டெலிகிராம் குழுவில் இன்னொரு சரக்கு கிடந்தது. நம் தோழர் ஒருவரின் கவிதை நூல். சிறு பதிப்பகம், 500 படி அச்சு. அதில் பாதிக்கு மேல் இன்னும் கட்டு பிரிக்காமல் வீட்டில் கிடக்கிறது. 30 ரூபாய்க்கு அதன் பிடிஎஃப் போகிறது. பெரிய படம் திருட்டாக வெளிவந்தால் தயாரிப்பாளர் நீதிமன்றம் போவார். 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் அவருக்காகவே வந்திருக்கிறது: குறைந்தது மூன்று மாதம், அதிகம் மூன்று ஆண்டுச் சிறை, 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். கவிதை எழுதிய தோழருக்கு யார் வருவார்கள்? அவர் நண்பனை நேரில் பார்த்து, "தம்பி, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னாராம்.

சான்றிதழ் விஷயம் இதைவிட மோசம். சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ இணையத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 60 ரூபாய். இவன் 500 வாங்கினான். ஏன் என்று கேட்கும் ஆயாக்களிடம் "மேல குடுக்கணும் ஆயா" என்றான். மேலே யாருக்கும் ஒரு பைசா போகவில்லை. விஏஓ வாங்காத லஞ்சத்தை விஏஓ பெயரில் இவனே வாங்கியிருக்கிறான். அலுவலகம் என்றால் காசு கொடுக்காமல் நடக்காது என்று நம் மக்கள் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கையை அரசு ஊழியர்கள் காலங்காலமாக உழைத்து வளர்த்தார்கள். அறுவடை இவனுக்கு.

இனி அந்த இன்னொரு தொழில். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பெண் பிள்ளை, நர்சிங் இரண்டாம் ஆண்டு. சுயநிதிக் கல்லூரி. போன ஆண்டு நண்பன் அவளிடம், "கம்பெனி ஒன்னுக்கு சம்பளக் கணக்கு வேணும் பாப்பா, உன் பேர்ல ஒன்னு ஆரம்பிச்சுக் குடு, ரெண்டு மாசத்துல மூடிடலாம்" என்றான். வங்கிக்கு அவனே கூட்டிப்போனான். ஆதாரை இணைத்தான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, புது சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டு 3,000 ரூபாய் கொடுத்தான். தெருவில் எல்லோருக்கும் ஃபாரம் போட்டுத் தருகிற அண்ணன் கேட்கிறார், அவள் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அந்தக் கணக்கு எதற்குப் பயன்பட்டது என்பதைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரைப் போனில் மிரட்டியோ ஆசைகாட்டியோ பணம் பறிக்கிறார்கள். அந்தப் பணம் நேராகத் திருடன் கைக்குப் போகாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று நாலைந்து கணக்கு தாண்டும். நடுவில் உள்ள கணக்குகள் எல்லாம் இப்படி வாங்கப்பட்டவை. பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னதும் போலீஸ் அந்த வழியைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு கணக்கையும் முடக்கச் சொல்லும். திருடனின் பெயர் எங்கும் இருக்காது. நடுக் கணக்குக்காரரின் பெயர், முகவரி, ஆதார், புகைப்படம் எல்லாம் இருக்கும்.

அரசு உதவித்தொகை, ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் போய் விழும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. அவளுக்கு வந்த தொகை, முடக்கப்பட்ட அந்தக் கணக்கில் போய் மாட்டிக்கொண்டது. கல்லூரியோ கட்டணம் கட்டாமல் தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது என்றது. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா கம்மலைக் கொண்டுபோய் அடகு வைத்தார்.

நண்பனிடம் பேசப் போனோம். "என்னா மச்சான், நான் கொலையா பண்ணிட்டேன்? 9,000 கோடி பாக்கி வெச்சிட்டு விஜய் மல்லையா லண்டன்ல உக்காந்திருக்கான். எனக்கு ஒரு கணக்குக்கு எட்டாயிரம். என்னையப் போய்க் கேக்க வந்துட்டீங்க" என்றான். பிறகு கொஞ்சம் குரல் தாழ்ந்து, "டிப்ளமா முடிச்சிட்டு எத்தினி கம்பெனி ஏறி எறங்குனேன்னு உங்களுக்குத் தெரியும். எந்த ஏரியான்னு கேப்பான். சொன்னதும் மூஞ்சி மாறும்" என்றான்.

இரண்டாவதாகச் சொன்னது முழு உண்மை. நாங்களே சாட்சி. ராபர்ட் மெர்ட்டன் 1938இல் எழுதிய கட்டுரையைச் சமூகவியல் மாணவர்கள் படித்திருப்பீர்கள். பணக்காரனாகு என்று எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அதற்கான வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால், மற்றவர்களில் ஒரு பகுதி குறுக்கு வழி கண்டுபிடிக்கும் என்பார். நண்பன் அந்தக் கட்டத்துக்குள் அப்படியே பொருந்துகிறான். ஆனால் அந்த நர்சிங் பிள்ளையை அதே கட்டத்துக்குள் போட முடியாது. அவளும் அதே தெரு. வழி அவளுக்கும்தான் அடைபட்டிருந்தது. அவள் யாருடைய ஆதாரையும் விற்கவில்லை. மல்லையா லண்டனில் இருப்பதால் இவள் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகலாம் என்ற கணக்கை எங்களால் போட முடியவில்லை. அதை அவனிடம் சொன்னோம். அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த கேள்விதான் கடினமானது. போலீசுக்குப் போவதா? நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்புப்படி 16.6 சதவீதம். விசாரணைக் கைதிகளிலோ சுமார் ஐந்தில் ஒருவர். காலனிப் பையன் ஒருவன் கையில் கிடைத்தால் தீராத நாலு வழக்கை அவன் தலையில் கட்டும் காவல் நிலையங்களை நாங்கள் வேலையில் தினமும் பார்க்கிறோம். ஊர்த்தெருவும் காத்திருக்கும், "பாத்தியா, படிக்க வெச்சா இதுதான் பண்ணுவானுங்க" என்று சொல்ல. ஆனால் புகார் கொடுக்காவிட்டால் காவல்துறைப் பதிவில் குற்றவாளி அந்தப் பிள்ளை. மோசடிக்கு ஏழாண்டு வரை தண்டனை உள்ள பிரிவு அவள் பெயரில் ஏறலாம். நண்பனைக் காப்பாற்ற அவளைக் கொடுப்பதா? எங்களுக்குள் இரண்டு இரவு பேச்சு நடந்தது.

இரண்டையும் செய்தோம். அவளோடு சைபர் குற்றப் பிரிவுக்குப் போய், என்று, எங்கே, யார் கூட்டிப்போனது, எவ்வளவு கொடுத்தது என்று நடந்ததை மட்டும் எழுதிக் கொடுத்தோம். ஒரு வரி கூட்டவில்லை. அன்று மாலையே ஒரு வழக்கறிஞர் தோழரை நண்பன் வீட்டுக்கு அனுப்பினோம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைப்பதே முறை. உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் இதை வலியுறுத்தியது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35ஆம் பிரிவு. எங்கள் புகாரில் உள்ளதற்கு அவன் பதில் சொல்லட்டும், அதில் இல்லாத எதற்கும் அவனை அடிக்கக் கூடாது என்பதே நாங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டது. "இரண்டு பக்கமும் ஆடுகிறீர்கள்" என்று சில தோழர்கள் சொன்னார்கள். சொல்லட்டும்.

நோட்டீஸ் வந்தது. வழக்கறிஞரோடு போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, மேலே யாரிடம் கணக்குகளைக் கொடுத்தான் என்பதை எழுதிக்கொடுத்தான். அவள் கணக்கில் தகராறான தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை விடும்படி வங்கிக்கு மூன்று மனு கொடுத்தோம். மூன்றாவதற்குப் பிறகு உதவித்தொகை கிடைத்தது. அதற்குள் ஒரு தேர்வு போய்விட்டது. அடுத்த பருவத்தில் சேர்த்து எழுத வேண்டும். கம்மல் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. அதை மீட்க நண்பன் மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதாக ஏற்றிருக்கிறான். இரண்டு மாதம் கொடுத்திருக்கிறான்.

கடை திறந்திருக்கிறது. பாடநூலும் பாபாசாகேப்பும் இலவசமாகக் கிடைக்கும் முகவரிகளை மாலை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அவன் கடை வாசலிலும் ஒன்று ஒட்டினோம். அவன் கிழிக்கவில்லை. கடையில் தொங்கும் விலைப்பலகையில் சாதிச் சான்றிதழுக்கு எதிரே 500ஐ அழித்துவிட்டு 100 என்று எழுதியிருக்கிறான். 60 போக மீதி 40 எதற்கு என்று கேட்டோம்.

"கரண்டு பில்லு யாருடா கட்டுறது?" என்கிறான்.