நாணயமான ஆள்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பெண் கொடுக்கப்போகிற வீட்டார் இரண்டு பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிற குடும்பத்துப் பையன். கடைக்காரர் டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமலே சொன்னார்: "பையன் தங்கமுங்க. கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் முந்திக்குமுங்க. ஆனா அவங்கய்யனாட்டமே நாணயம்." வந்தவர்கள் முகம் தெளிந்துவிட்டது.

கை நீளம், வாய் நீளம், கல்நெஞ்சு, மண்டைக்கனம் என்று குணத்தை உடம்பில் வைத்தே பேசிப் பழகியவர்கள் நாம். ஆனால் நாணயம் உடம்பில் இல்லை, கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. காசுக்கும் அதே சொல்தான். கடனுக்கு நூல் எடுத்துத் தறி ஓட்டி, கடனுக்கு லாரி எடுத்துப் பிழைத்த சீமை இது. ஒருவர் கலகலப்பா, உம்மணாமூஞ்சியா என்பதெல்லாம் இங்கே அப்புறம்தான்.

குணச்சொற்களை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஆளுக்கு ஆள் வேறுபடுத்திச் சொல்ல உதவும் 17,953 சொற்களைப் பொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சலித்துச் சலித்து ஐந்து பெருங்குணங்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டச்சு, ஹங்கேரியன், கொரியன் என்று ஏழு மொழிகளின் சொற்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2004இல் வந்தது. அதில் ஆறாவதாக ஒன்று தனித்து நின்றது: நேர்மையும் பணிவும். டீக்கடைக்காரரின் நாணயம் அந்த ஆறாவதில் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரே மொழிக்குள்ளும் சொல் இடம் மாறுகிறது. தொல்காப்பியத்திலும் குறளிலும் வெகுளி என்றால் கோபம். இன்று எங்கள் ஊரில் வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். கோபத்தை மறைக்கத் தெரியாதவனுக்கு வேறெதையும் மறைக்க வராது என்று எவரோ கண்டிருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது. வடக்கே லோடு ஏற்றிப் போய்வரும் நாமக்கல் டிரைவரைக் கேட்டால், அங்கே வெகுளியான ஆளை 'சீதா ஆத்மி', நேரான ஆள், என்பார்கள் என்கிறார். நமக்கு நேரான ஆள் வேறு, வெகுளி வேறு. சேலத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்களில் அவன் 'வெர்ரிபாகுலவாடு'; அதில் ஒரு செல்லத் திட்டு ஒட்டியிருக்கிறது. கேரளத்தில் 'பாவம்' என்று சொல்லித் தடவிக்கொடுப்பார்கள்.

அக்கா மகள் வேலைக்கு விண்ணப்பித்தபோது குணத்தை அளக்க ஒரு படிவம் வந்தது. 'நான் பிறரோடு எளிதில் பழகுவேன்' என்ற வரிக்கு எதிரே 1 முதல் 5 வரை எண்கள். பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தாள். "யாரோட மாமா? வீட்டுலயா, வெளியிலயா?" என்றாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த அவள் பாட்டியிடம், "இவ எப்படிப்பட்டவ ஆயா?" என்று கேட்டேன்.

"ராத்திரி எத்தன தடவ கூப்புட்டாலும் எந்திரிச்சு வருவா."