வாளிக் கணக்கும் குழாய்க் கணக்கும்

வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் விதை வாங்குமுன் பலரிடம் விசாரிப்பர். மரக்கன்று வாங்கும்போது வேரையும் இலையையும் புரட்டிப் பார்ப்பர். ஆனால், அத்தோட்டத்திற்கு நாள்தோறும் நீரூட்டும் குழாயை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவர். ‘ஹோஸ்’ என்று நாம் சொல்லும் அக்குழாய் அற்பப் பொருள்தானே என்பது பலரின் எண்ணம். யாழ்ப்பாணத்தில் வாழும் எம்மவர்க்கோ அது அற்பப் பொருளன்று.

காரணம் யாதெனில், குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீரே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, நமது கிணறுகளில் ஊறுகிறது. கீழே உவர்நீர், அதனிலும் கனங்குறைந்த நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. மேலுள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ளது மேலெழும். நல்ல கிணறு உவர்க் கிணறாகும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மின்மோட்டாருக்கோ களைப்பு என்பதில்லை.

என் தாயாருக்கு வயது 75. வீட்டின் பின்புறத்தில் கத்தரி, பயிற்றை, கீரைப் பாத்திகளும், நாலைந்து பூஞ்செடிகளும், இரண்டு வாழைகளும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டவை. மாலைதோறும் பத்து லீற்றர் வாளியால் 18 வாளி நீர் சுமந்து ஊற்றுவார். முதுகு வலி மிகுந்து, பாரம் தூக்கலாகாது என வைத்தியர் கூறியபோது, தோட்டத்தைக் கைவிடுவதா, சுமையைக் கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. குழாய் வாங்குவோம் என்றேன். அவர் உடனே இணங்கவில்லை.

“தம்பி, வாளியெண்டால் ஒரு கணக்கிருக்கும். உந்தக் குழாய்க்கு என்ன கணக்கு?” என்று கேட்டார்.

அக்கேள்வியை மனத்திற் கொண்டே நான் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் முக்கால் அங்குல விட்டமுள்ள 100 அடிக் குழாயைக் காட்டினார். ‘அகலமும் நீளமும் கூடியது எப்போதும் நல்லது’ என்பது அவர் கொள்கை. ஆனால், எங்கள் பைப்பிலிருந்து தோட்டத்தின் கடைசி மூலைவரை, வளைந்து செல்லும் வழியை நூல் பிடித்து அளந்தபோது 43 அடியே இருந்தது. எனவே 50 அடி போதும். நீளம் கூடக்கூடக் குழாயின் உட்சுவரில் உராய்ந்து நீரின் வேகம் குறையும், மிகுதி நீளம் காலில் இடறும், பணமும் வீணாகும்.

அடுத்தது விட்டம். முக்கால் அங்குலக் குழாயின் வாய், அரை அங்குலக் குழாயின் வாயிலும் இரண்டேகால் மடங்கு பரப்புடையது. 50 அடி நீளத்தில் முன்னது நாலு லீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தன்னுள் கொள்ளும். பின்னது ஏறத்தாழ இரண்டு லீற்றரே கொள்ளும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ நிறை. நீர் நிறைந்த குழாயை இழுத்துச் செல்பவர் முதியவரானால் இவ்வேறுபாடு சிறியதன்று. தாங்கி தாழ்வாக இருக்கும் வீடுகளிலும், நீண்ட தோட்டங்களிலும் அரை அங்குலக் குழாயில் நீர் நூலாக ஒழுகும். அங்கு அகன்றதே வேண்டும். எங்கள் தாங்கி 15 அடி உயரத்தில் நிற்பதாலும் தோட்டம் சிறிதாதலாலும் அரை அங்குலத்தையே தேர்ந்தேன்.

குழாயின் தரத்தைக் கையாலும் கண்ணாலும் சோதிக்கலாம். வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஒரே படையா, நடுவில் நூல் பின்னிய படை உண்டா என்பது தெரியும். ஒரு முழ நீளத்தை வளைத்துப் பாருங்கள். உடனே மடிந்து வாய் அடைபடுமாயின் அதை விட்டுவிடுங்கள். ஒளி ஊடுருவும் குழாயினுள் நாளடைவில் பாசி பிடிக்கும். நிறம் அடர்ந்ததே மேல். றப்பர்க் குழாய் நெடுநாள் உழைக்கும், ஆயினும் கனமானது. பிளாஸ்ரிக் குழாய் இலேசானது, ஆயினும் வெயிலில் கிடந்தால் இறுகி வெடிக்கும். ஆகவே, வேலை முடிந்ததும் நீரை வடித்து, நிழலில் சுருட்டி வைத்தல் வேண்டும். ஆணியில் தொங்கவிட்டால் அவ்விடத்திலேயே மடிந்து பழுதாகும். பழைய சில்லு வளையம் ஒன்றைச் சுவரில் பொருத்தி அதிற் சுற்றுவது நன்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வெயிலில் கிடந்த குழாயின் முதல் நீர் செடியைச் சுடும்; அதை வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள். குடிநீருக்கென்று செய்யப்படாத குழாயிலிருந்து பிள்ளைகளை நீர் அருந்த விடாதீர்கள்.

வாங்கிய அன்று மாலையே அம்மாவின் கேள்விக்கு விடை தேடினோம். குழாயின் நுனியை அவருடைய பழைய வாளிக்குள் விட்டுப் பைப்பைத் திறந்தோம். பேர்த்தி மணிக்கூட்டைப் பார்த்து நின்றாள். வாளி நிறைய ஒரு நிமிடம் சென்றது. ஆக, ஒரு நிமிடம் ஒரு வாளி. 18 நிமிடம் 18 வாளி. அம்மா இருமுறை வாளியை நிறைத்துப் பார்த்த பின்னரே தலையசைத்தார். இப்போது வாழைக்கு மூன்று நிமிடம், கத்தரிப் பாத்திக்கு நாலு நிமிடம் என்று அவரே பங்கிட்டு விடுகிறார். முதுகு ஆறுதலடைந்தது, கணக்கும் தப்பவில்லை.

மாணவர்கள் இச்சோதனையைத் தத்தம் வீடுகளில் செய்து பார்க்கலாம். ஒரு வாளியும் ஒரு மணிக்கூடும் போதும். தோட்டத்திற்கு நீர் தரும் கிணறுதான் நம்மில் பலருக்குக் குடிநீரும் தருகிறது. குழாய் வாங்குமுன் நிலத்தை அளந்து பாருங்கள். வாங்கிய பின் நீரை அளந்து விடுங்கள். நல்ல குழாய் கைக்கு இலேசாகவும் கணக்குக்கு அடங்கியதாகவும் இருத்தல் வேண்டும்.