மணலியிலிருந்து மணாலிக்கு

எங்கள் பக்கத்தில் மணலி என்று ஓர் ஊர் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் புகைபோக்கிகளும் உள்ள ஊர். இமாசலப் பிரதேசத்தில் மணாலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பனி மலைகள். இரண்டு பெயருக்கும் ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் காலைத் தாண்டுவதற்குச் சுமார் 2,700 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும்.

2024 டிசம்பரில் நாங்கள் போனோம். ஆசை என் மனைவியுடையது. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். பனிக்கட்டி என்றால் காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் கொட்டுகிறார்களே, அதுதான் அவளுக்குத் தெரியும். "முழங்கால் ஒத்துழைக்கும்போதே வானத்திலிருந்து விழுகிற பனியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கனடாவில், மான்ட்ரியாலில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ஒரு மாத விடுமுறையில் வந்தான். "ரயிலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். நம் காரிலேயே போவோம், அம்மா" என்றான்.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "டயரை மாற்ற வேண்டும், அப்பா. குளிர்கால டயராகப் போட வேண்டும்" என்றும் சொன்னான்.

சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துவிடுமாம். விறைத்த ரப்பர் சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரை அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்கிறார்கள். மேலே கத்தியால் கீறியது போல் நூற்றுக்கணக்கான மெல்லிய பிளவுகள் வைக்கிறார்கள். அவை பனியைக் கவ்விக்கொள்ளும். பின்லாந்துக்காரர்கள் 1934-லேயே லாரிகளுக்கு இப்படி ஒன்று செய்துவிட்டார்கள். அவன் இருக்கும் க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம்.

நான் விடுவேனா? நாவல் எழுதுகிறவனுக்கு விவாதம் வராமல் போகுமா? "2,700 கிலோமீட்டரில் பனி இருக்கப்போவது கடைசி இருபது முப்பது கிலோமீட்டர். நெல்லூர், ஐதராபாத், நாகபுரி, ஜான்சி எல்லாம் வெயில். உன் இளகிய டயர் அங்கே வெயிலில் விட்ட வெல்லம் மாதிரி தேயும். பிரேக் போட்டாலும் சட்டென்று நிற்காது. முப்பது கிலோமீட்டருக்காக மிச்சத்தையெல்லாம் கெடுத்துக்கொள்வதா? இருக்கிற டயரே போதும். பட்டன் புதுசாக இருக்கிறது" என்றேன்.

நான் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். ஆனால் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. நாலு டயரின் விலையை மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். அந்த ஊருக்கு டயர் புதிதல்ல. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை அங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பருக்கு வந்து, 1961-ல் டயர் உற்பத்தியில் இறங்கினார். பலூன் கடைதான் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அப்பேர்ப்பட்ட ஊரில் குளிர்கால டயர் கேட்டால் கடைக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

"நம்மூர்ல வெயிலு, மழை, ரெண்டுதான் சார் சீசன். இங்க விக்கிறதெல்லாம் அதுக்குத்தான். எல்லா சீசனுக்கும்னு எழுதியிருக்கும், பனியில அதை நம்பாதீங்க. மேலே போறவங்க அங்கேயே சங்கிலி வாடகைக்கு எடுத்து டயர்ல மாட்டிப்பாங்க" என்றார். நான் மகனை வெற்றியுடன் பார்த்தேன். அதற்குள் அவர் எங்கள் காரின் பக்கத்தில் குந்தி, ஈரத் துணியால் டயரைத் துடைத்தார். 2317 என்று நான்கு எண்கள் தெரிந்தன.

"இருபத்து மூணாவது வாரம், 2017. ஏழு வருஷம் ஆச்சு. பட்டன் இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு. இங்க பாருங்க வெடிப்பு. நெல்லூர் தாண்டி நூறுல போகும்போது வெடிச்சா, பனி வரைக்கும் போகவே வேணாம்."

கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்த கார். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் முதுமை அடைந்துகொண்டே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டேன்.

மகன் என்னைத் தெருப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கன்டெய்னர் லாரிகள் போகிற இரைச்சலில் சொன்னான். மான்ட்ரியால் போன முதல் வருஷம், பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். டிசம்பர் 1-க்குத்தானே கட்டாயம், சம்பளம் வந்ததும் மாற்றலாம் என்று இருந்தானாம். நவம்பர் கடைசியிலேயே பனி கொட்டிவிட்டது. "இரண்டு நாள்தானே என்று ஓட்டினேன். பிரேக்கில் காலை வைத்தேன், கார் ஒரு முழு வட்டம் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்றது. அந்த நிமிஷம் எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. அவ்வளவுதான், அப்பா."

அந்த வாரமும் தொலைபேசியில் பேசியிருப்பான். "குளிர் ஜாஸ்தி, மற்றபடி ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்பான். அவன் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்று இருவரும் அங்கேயே பேசி முடிவு செய்தோம். அச்சில் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

நாலும் புதிதாக வாங்கினோம். குளிர்கால டயர் அல்ல, நம்மூர் டயர்தான். பழைய ஸ்டெப்னியும் அதே 2017 என்று தெரிந்ததும் ஐந்தாவதும் வாங்கினோம். பேரம் பேசவில்லை. கடைக்காரருக்கே அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

திருவொற்றியூரைவிட்டுப் போகமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போன சுந்தரருக்குக் கண் போயிற்று என்பது புராணம். புறப்பட்ட அன்று வடிவுடையம்மன் சந்நிதியில் இதை நினைவுபடுத்தினேன். "நீங்கள்தான் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லையே" என்றாள் என் மனைவி.

வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டயர்கள் ஓடின. அது தவிர டயரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? மணாலியில் முதல் நாள் காலை காற்று அளந்தபோது, சென்னையில் 33 வைத்தது 28-ஆக இறங்கியிருந்தது. எங்கேயோ ஆணி என்று பதறினேன். குளிரில் காற்று சுருங்கும், 30 டிகிரி இறங்கினால் ஐந்து குறையும் என்று மகன் கணக்குச் சொன்னான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி கொட்டியது. எங்கள் காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற உள்ளூர் ஜீப் ஒன்றைச் சங்கிலியோடும் டிரைவரோடும் அமர்த்தினோம். சோலாங் பக்கம் இறங்கி என் மனைவி ஒரு கைப்பிடி பனியை அள்ளினாள். "அத்திப்பட்டு உப்பளத்து உப்பு மாதிரியே இருக்குங்க" என்றாள். அள்ளியது கையிலேயே கரைந்துவிட்டது. மறுபடி அள்ளினாள்.

மகன் பனியைப் பார்க்கவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டிரைவரிடம் அரைகுறை இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவர் கையுறையால் டயரின் ஓரத்தைத் துடைத்து, நான்கு எண்களைக் காட்டினார்.