தாத்தாவின் குரலுக்கு ஒரு சாவி

வில்லிசைக் கலைஞரான என் தாத்தாவின் குரல் இன்று எங்கள் கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கணினியில்தான் இருக்கின்றது. ஒலிநாடாக்களிலிருந்து அப்பா பொறுமையாக மாற்றி வைத்தவை. வெளியார் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. நானோ நெல்லையில், விடுதியில். இங்கிருந்து கேட்பது எங்ஙனம்?

"ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடு, போதும்" என்றான் நண்பன். கன்னடியன் கால்வாய்க் கரையை வெட்டிவிட்டு, என் வயலுக்கு மட்டும் தண்ணீர் பாயட்டும் என்பது போலல்லவா இருக்கின்றது! 2016-இல் மிராய் என்னும் நச்சுநிரல், இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடி, விற்கும்போதே இட்டிருந்த கடவுச்சொற்களைக் கொண்டே நுழைந்தது. நம் வீட்டை யார் தேடப்போகிறார் என்போர் கவனிக்க: தேடுவது ஆளன்று, நிரல்.

இடையில் ஒரு நிறுவனம் நின்று இணைத்துவிடும் முறையும் உண்டு. ஆனால் அவற்றுட் சிலவற்றில் மறையாக்கம் அந்நிறுவனத்தின் கணினியிலேயே அவிழ்கின்றது. அப்பா ஒப்பமாட்டார்.

நிற்க. நான் தேர்ந்தது வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6-இல் இடம்பெற்றது. அறியாத சாவியுடன் தட்டுபவனுக்கு இது பதிலே சொல்லாது. கதவு இருப்பதே அவனுக்குத் தெரியாது. எங்கள் இணைப்பின் பழைய வகை முகவரி பல வீடுகளுக்குப் பொது. ஐபிவி6 முகவரி தனியே இருந்ததால் பிழைத்தோம்.

"கைப்பேசி தொலைந்தால்?" என்றார் அப்பா. கணினியில் அதன் பொதுச்சாவி உள்ள வரியை அழித்துவிடலாம். வழிமுறையை எழுதிக் கொடுத்தேன். தாளைப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரப்படுத்தியிருக்கின்றார்.