நாற்பது கழியும் வரை காத்திருக்க வேண்டாம்



பிறந்த பிள்ளை ஒரு கையை அசைக்காமல் கிடந்தால், "நாற்பது கழியட்டும், தானாச் சரியாகும்" என்பார்கள் நம் வீடுகளில். எண்ணெய் பூசிக் கையை இழுத்து உருவுவதும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

பிரசவத்தில் தலை வந்தபின் தோள் சிக்கினால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபடலாம். காறை எலும்பும் முறியலாம். பிள்ளை திடுக்கிடும்போது இரு கைகளும் விரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு கை துவண்டு கிடந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நிஃபாஸ் காலத்தில் உம்மா வைத்தியரிடம் போக மார்க்கத்தில் தடையில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் தேறிவிடுவார்கள். ஆனாலும் மூட்டு இறுகாமலிருக்க, பிசியோதெரபியில் காட்டித்தரும் பயிற்சியை வீட்டிலும் செய்ய வேண்டும். 3 மாதமாகியும் முழங்கை மடங்காவிட்டால் விசேட வைத்திய நிபுணர் பார்க்க வேண்டும். நரம்புச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

கர்ப்ப காலத்தில் சீனி கூடினால் பிள்ளை பெருத்து, தோள் சிக்கும் ஆபத்தும் கூடும். கிளினிக்கில் சீனிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முந்திய பிரசவத்தில் தோள் சிக்கியிருந்தால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண நிறையுள்ள பிள்ளைக்கும் இது நேரும். ஆகவே பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள்.

பொத்தான் பூட்டவும் கையை உயர்த்தவும் ஒரு பிள்ளை எவ்வளவு கஷ்டப்படும் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். துஆவும் கேட்போம், கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நேரத்தோடு போவோம்.